நான் போட்ட எட்டு கோடு

எண்ணெய் டேங்க்குன்னு சொன்னா எல்லாருக்கும் ரோட்ல போற லாரிதான் ஞாபகம் வரும். நான் சொல்றது அது இல்ல. எங்க ஆரணி பஸ் ஸ்டாண்டயே உள்ள தூக்கி வெச்சு மூடிடலாம், அவ்ளோ அகலம். நாலு மாடி உசரம். இரும்புத் தகட்ட வட்டமா வளச்சு வெல்டிங் பண்ணி, உள்ள கச்சா எண்ணெய ரொப்பி வெப்பாங்க. அந்த டேங்க்கோட அடியில, முழங்கால் உசரத்துல ஒரு மூக்கு துருத்திகினு இருக்கும். அதுக்கு நாசில்னு பேரு. வெளியில இருந்து வர்ற பைப்ப அதுலதான் மாட்டணும். அந்த மூக்கு எவ்ளோ இழுப்பு தாங்கும், எவ்ளோ அழுத்தம் தாங்கும்னு கணக்குப் போட்டு எழுதிக் குடுக்கறதுதான் என் பொழப்பு. கேக்கறவங்களுக்கு சப்புனு இருக்கும். எங்க வீட்டுக்காரியே, "ஒரு மூக்கப் பாக்கறதுக்கு ஒரு சம்பளமா"ன்னு கிண்டல் பண்ணுவா.

இரும்பு தானே, அது பாட்டுக்கு நிக்கும்னு நெனப்பீங்க. நிக்காது. உள்ள எண்ணெய் ஏற ஏற சுவரு வெளிய பெருக்கும், பந்தியில மூக்கு முட்ட சாப்ட்டவன் வயிறு மாதிரி. அடித் தகடு மட்டும் விடாம புடிச்சிகினு இருக்கும். மேல பெருக்குது, கீழ புடிக்குது, அப்போ நடுவுல இருக்கிற நாசில் இன்னா பண்ணும்? வெளிய தள்ளிகினு தலைய கீழ குனியும். அது குனியறதுக்கு பைப்பு எடம் குடுக்கணும். எடம் குடுக்காம, டேங்க்குக்குப் பக்கத்துலயே ஒரு கான்கிரீட் கட்டை மேல பைப்ப குந்த வெச்சிட்டா, குனிய முடியாத நாசிலோட வேர்ல போய் மொத்த பலமும் முட்டும். வெல்டிங் கிழிஞ்சிடும். அவ்ளோதான் விஷயம். இவ்ளோ தெரிஞ்ச நானே கோட்டை விட்டேன். அதத்தான் சொல்ல வந்தேன்.

எங்க வீட்ல தறி கெடையாது. எங்க நைனா டிசைன் போடறவரு. பட்டுப் புடவை பார்டர்ல மயிலோ அன்னமோ வரணும்னா, மொதல்ல அத கட்டம் போட்ட பெரிய தாள்ல வரையணும். ஒரு கட்டம்னா ஒரு இழை. கட்டத்துல செவப்பு அடிச்சா அந்த இழை மேல தூக்கும், அடிக்கலன்னா கீழயே கெடக்கும். அதப் பாத்துதான் தறியில மாட்டற அட்டையில ஓட்டை குத்துவாங்க. ஸ்கூல் விட்டு வந்தா எனக்கும் எங்க அக்காவுக்கும் கட்டம் ரொப்பற வேலைதான். எனக்கு எரிச்சலா வரும். கட்டத் தாள் தீந்துபோனா வெள்ளைத் தாள்லயே ஸ்கேல வெச்சு கோடு இழுத்து நாங்களே கட்டம் பண்ணிப்போம். எல்லா கட்டமும் ஒரே அளவு. ஒண்ணு ரவ பெருசா போச்சுன்னா மயிலுக்கு கழுத்து கோணிக்கும். அதனால ரெண்டு கோட்டுக்கு நடுவுல காலி எடம் பாத்தாலே அத சரிசமமா பிரிச்சு கோடு போடச் சொல்லி கை அரிக்கும். எனக்கு அது வேலைன்னே தோணாது, கொட்டாவி விடறாப்பல தானா வரும்.

தொண்ணூறுகள்ல டிப்ளமா முடிச்சிட்டு மெட்ராஸ்ல ஒரு சின்ன கம்பெனியில சேந்தேன். பத்து பேரு, ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதையும் பெரிய சாரு தவிர யாரும் தொடக் கூடாது. எங்களுக்கெல்லாம் பேப்பர், கால்குலேட்டர், கிராஃப். நாசில் கணக்குல பாதி வேலை கிராஃப் படிக்கறதுதான். டேங்க்கோட அகலம், தகட்டோட கனம், நாசிலோட சுற்றளவு எல்லாத்தையும் வெச்சு ஒரு எண்ணு வரும். அந்த எண்ண கிராஃப்ல கீழ புடிச்சு, மேல போய் வளைவத் தொட்டு, எடது பக்கம் திரும்பினா இன்னொரு எண்ணு கெடைக்கும். அந்த எண்ணுதான் நாசில் எவ்ளோ தாங்கும்ங்கறத முடிவு பண்ணும். எண்ணு பெருசா இருந்தா நாசில் ஜாஸ்தி தாங்கும்னு அர்த்தம்.

அந்த எடது பக்கத்து அளவு சாதாரண அளவு இல்ல, லாக் அளவு, அதாவது மடக்கைக் கணக்கு. ஒண்ணுக்கும் ரெண்டுக்கும் நடுவுல நல்ல எடம் இருக்கும். போவப் போவ நெருக்கிகினே போய், ஒம்பதுக்கும் பத்துக்கும் நடுவுல விரல் நகம் கூட நொழையாது. இது எனக்குத் தெரியாதா? நல்லா தெரியும். பரிட்சையில எழுதி மார்க்கு வாங்கினவன் நான். கேட்டா இப்பவும் தூக்கத்துல சொல்லுவேன்.

எங்ககிட்ட இருந்த கிராஃப் ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ், அதுக்கும் ஜெராக்ஸ். வளைவு இருந்துது, ஓரத்துல ஒண்ணும் பத்தும் இருந்துது. நடுவுல இருந்த பொடிக் கோடெல்லாம் ஓடிப்போச்சு. ஒரு சனிக்கிழமை வேலை முடியாம அத பையில வெச்சிகினு ஆரணிக்கு பஸ் ஏறினேன். ஞாயித்துக்கிழமை காலையில டீ குடிச்சிட்டு, நைனாவோட ஸ்கேலும் மைப் பேனாவும் எடுத்துகினு குந்தினேன். பக்கத்துல நைனா யாருக்கோ மாங்கா பார்டர் போட்டுகினு இருந்தாரு. ஒண்ணுக்கும் பத்துக்கும் நடுவுல எட்டு கோடு வேணும். போட்டேன். சரிசமமா, அழகா, ஒம்பது கட்டம். வளைவு சரியா நட்ட நடுவுல தொட்டுது. அஞ்சரைன்னு எழுதினேன்.

அந்த எடத்துல லாக் அளவுப்படி மூணு சொச்சம்தான் வரணும்.

திங்கக்கிழமை எனக்கு மேல இருந்த சாரு அந்த கிராஃபப் பாத்துட்டு, "இன்னாபா இவ்ளோ நீட்டா பண்ணிட்ட, இத்தினி நாளா அந்த அழுக்கு பேப்பர வெச்சு கண்ண கெடுத்துகினு இருந்தோமே"ன்னு தட்டிக் குடுத்தாரு. சரிபாத்தேன்னு கையெழுத்து போட்டாரு. கணக்குப்படி பைப்பு குடுக்கற பலம் நாசில் தாங்கற எல்லைக்குக் கொஞ்சம் கீழ. பாஸ். அந்த சாரு மேல எனக்கு ரொம்ப நாள் கோவம் இருந்துது. கோடு போட்டது நானு, கோவம் அவரு மேல. மனுசன் புத்தி அப்படி.

அந்த டேங்க்கு ஆந்திரா பக்கம் கடலோரத்துல ஒரு கிடங்குல கட்டினது. பைப்பு வேலை எடுத்த காண்ட்ராக்டருக்கு பிட்டருங்க வேணும்னு கேட்டாங்க. பைப்ப அளந்து, வெட்டி, பொருத்தி மாட்டறவன் பிட்டர். எனக்கு ஒடனே ஞாபகம் வந்தது எங்க அடுத்த சந்துல இருந்த என் சிநேகிதன். ஒண்ணாங்கிளாஸ்ல இருந்து ஒண்ணா படிச்சவன், ஐடிஐ முடிச்சிட்டு ராணிப்பேட்டையில வேலை பாத்துகினு இருந்தான். அவங்க நைனா தறிக்காரரு. நான் மாமான்னு கூப்புடுவேன். நாயம் தவறினா பெத்த புள்ளன்னும் பாக்க மாட்டாரு. பையன் பெரிய சைட்டுக்குப் போறான்னதும், "நீதான் வழி காட்டின, நல்லா இருப்பா"ன்னு என் கைய புடிச்சிகினு சொன்னாரு. நானும் பெருமையா தலைய ஆட்டினேன்.

புது டேங்க்ல எண்ணெய் ஊத்தறதுக்கு முன்னாடி தண்ணி ரொப்பி சோதிப்பாங்க. முறையா பாத்தா அப்போ பைப்ப மாட்டியே இருக்கக் கூடாது. டேங்க்கு பெருக்கி, அமுங்க வேண்டியது அமுங்கின அப்பறம்தான் மாட்டணும். ஆனா சைட்ல ஜல்தி ஜல்தின்னு தொரத்தினாங்க, தண்ணி கொண்டார வேற லைனும் இல்ல. அதே பைப்ப மாட்டி அது வழியாவே தண்ணி ஏத்தலாமான்னு எங்கள கேட்டாங்க. என் அஞ்சரைய வெச்சு நான்தான் எழுதிக் குடுத்தேன், தாராளமா ஏத்தலாம்னு.

தண்ணி முக்காவாசி ஏறினப்போ நாசிலோட அடி வெல்டிங் கிழிஞ்சுது. மூணு மாடி உசரத் தண்ணியோட பலம் மொத்தமும் அந்தக் கிழிசல் வழியா பீச்சி அடிச்சிது. எதுர்ல ஒருத்தர் நின்னுகினு இருந்தாரு. தெள்ளார் பக்கத்து ஆளு, கூலி வேலை, நாப்பது வயசு இருக்கும். தண்ணி எவ்ளோ ஏறிச்சின்னு மணிக்கு ஒரு தடவ பாத்து எழுதறதுதான் அவரு வேலை. அவர அந்த வேலைக்கு இட்டுகினு போனவன் என் சிநேகிதன். தண்ணி அவரத் தூக்கி, பைப்பு குந்தி இருந்த அதே கான்கிரீட் கட்டை மேல அடிச்சிது. ஆஸ்பத்திரிக்கு எடுத்துகினு போவற வழியிலயே உயிரு போயிடுச்சு.

விசாரணைக்கு எங்க சாரும் நானும் கணக்கு ஃபைல எடுத்துகினு ரயில் ஏறினோம். சாரு ஜன்னலோரம் பேப்பர் படிச்சிகினு இருந்தாரு. நான் ஃபைலப் பிரிச்சேன். கிராஃபப் பாத்தேன். ஒரு நிமிசம் எங்க வீட்டு டிசைன் தாளத்தான் தப்பா எடுத்துகினு வந்துட்டேனோன்னு நெனச்சேன். கட்டமெல்லாம் ஒரே அளவு. அய்யோன்னு வாய் வரைக்கும் வந்துடுச்சு. பேனாவ எடுத்து ஓரமா போட்டுப் பாத்தேன். நாசில் தாங்கற எல்லையப் போல ஒன்றரை மடங்கு பலம் ஏறி இருக்கு. இத அன்னிக்கே சரியா படிச்சிருந்தா, அந்த கான்கிரீட் கட்டைய நாலடி தள்ளி வெய்யுங்கன்னு ஒரு வரி எழுதி இருப்பேன். அவ்ளோதான். ஒரே வரி.

சாரு, "இன்னா"ன்னாரு. "ஒண்ணும் இல்ல சார்"ன்னேன்.

தகர ஷெட்டுல விசாரணை. கிடங்கு ஆளுங்க மூணு பேரு, காண்ட்ராக்டரோட மேனேஜரு, நாங்க ரெண்டு பேரு. கணக்கப் பத்தி கேட்டாங்க. எங்க சாரு ஃபைலத் தட்டி, "எல்லாம் எல்லைக்குள்ளதான் இருக்கு"ன்னாரு. ஒருத்தரு கிராஃபப் பொரட்டிப் பாத்தாரு. அவரு அடுத்த பக்கம் திருப்பிட்டாரு. அத்தினி நீட்டா இருந்த தாள யாரு சந்தேகப்படுவா?

அப்பால என் சிநேகிதன கூப்ட்டாங்க. வந்து நின்னான். ரெண்டு நாள் சவரம் பண்ணாத மொகம். நாசில் வாயும் பைப் வாயும் நேரா சந்திச்சிதான்னு கேட்டாங்க.

"இல்லீங்க. அரை இஞ்சி வெலகி இருந்துது."

"அப்போ இன்னா பண்ண?"

"செயின் பிளாக் போட்டு இழுத்து, சேத்து, போல்ட்டு போட்டேங்க."

செயின் பிளாக்குன்னா சங்கிலி போட்ட கப்பி. வெலகி நிக்கற பைப்ப அதால இழுத்து மாட்டக் கூடாதுன்னு சட்டம். ஆனா எல்லா சைட்லயும் இழுத்துதான் மாட்டுவாங்க, அரை இஞ்சிக்கெல்லாம் எவனும் பைப்ப வெட்டி மறுபடி வெல்டிங் பண்ண மாட்டான். அவன் இழுத்தத ஒருத்தரும் பாக்கல. இல்லன்னு சொல்லி இருந்தா யாரும் நிரூபிச்சிருக்க முடியாது. சொல்லிட்டான். அந்த மூணு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துகினாங்க. காரணம் கெடச்சிடுச்சு.

நான் எந்திரிச்சிருக்கணும். அரை இஞ்சி இழுப்பு பெரிய விஷயமே இல்லைங்க, அவன் இழுக்கலன்னாலும் கிழிஞ்சிருக்கும், தோ பாருங்க என் கோடுன்னு சொல்லி இருக்கணும். சொல்லல. எனக்குக் கல்யாணம் நிச்சயமாயி இருந்துது, வேலை போயிடுமேன்னு, கம்பெனிக்குக் கெட்ட பேருன்னு, நான் எவ்ளோ சாக்கு வேணா சொல்லுவேன். பயம். அவ்ளோதான், வேற பேரு வெக்கத் தேவையில்ல. அவன் வெளிய போவும்போது என்னப் பாத்து லேசா தலைய ஆட்டிட்டுப் போனான், நீ பேஜார் ஆவாதங்கறாப்பல.

பிட்டர் பலவந்தமா இழுத்து மாட்டினதாலதான் வெல்டிங் கிழிஞ்சுது, உயிரு போச்சுன்னு அறிக்கை எழுதினாங்க. அவன் கேட் பாஸ வாங்கிகினு அனுப்பிட்டாங்க. காண்ட்ராக்டருங்க ஒருத்தருக்கு ஒருத்தர் போன் போட்டுக்குவாங்களே, அப்பறம் எந்த சைட்லயும் அவன சேக்கல. நான் ஆபீசுக்குத் திரும்பினதும் மொத வேலையா அந்த கிராஃபக் கிழிச்சிட்டு நல்ல பிரதி ஒண்ணு வாங்கி வெச்சேன். அத வெச்சு போட்ட வேற ரெண்டு கணக்க எடுத்து மறுபடி பாத்தேன். சின்ன லோடு, எந்த அளவுல படிச்சாலும் தாங்கும். அதப் பாத்து கொஞ்சம் மூச்சு வந்துது. இதெல்லாம் யாருக்கும் தெரியாம பண்ணேன். அதுல மட்டும் நான் கெட்டிக்காரன்.

அவன் ஆரணிக்கே வந்துட்டான். கண்ணமங்கலம் ரோட்ல ஒரு மோட்டார் ரிப்பேர் கடையில கூலிக்கு நின்னான். ஒரு உயிர தன் கையால கொன்னுட்டோம்னு அவன் நம்பினான். சொம்மா பேச்சுக்கு சொல்லல, நெஜமாவே நம்பினான். வருசா வருசம் பொங்கலுக்கு முன்னாடி ஒரு அரிசி மூட்டைய பஸ் மேல போட்டுகினு தெள்ளார் போயி, செத்தவரு பொண்டாட்டி வீட்டு வாசல்ல எறக்கி வெச்சிட்டு வருவான். அந்த அம்மா மொதல் வருசம் கதவத் தெறக்கல. அதுக்கப்பறம் தெறந்துச்சாம், ஆனா பேசலையாம்.

அவங்க நைனா அவன்கிட்ட பேசறத நிறுத்திட்டாரு. விசாரணையில இழுத்தேன்னு ஒத்துகினான்னு கேள்விப்பட்டதும், "உன் கை ஒரு உயிர எடுத்துடுச்சு, இனிமே அந்தக் கையால எனக்கு சோறு கூட போடாத"ன்னு சொன்னாராம். ஒரே வீடு. ஒரே கூடம். அப்பா தறிக் குழியில குந்தி இருப்பாரு, புள்ள அவர தாண்டிப் போவான், ரெண்டு பேரும் மொகம் பாத்துக்க மாட்டாங்க. இது ஒரு வருசம் ரெண்டு வருசம் இல்ல, ஒம்பது வருசம். நான் லீவுக்கு போறப்பல்லாம் மாமா என்ன கூப்ட்டு, "நீயாவது ஒழுங்கா கணக்குப் போட்டு எழுதின, எம்புள்ள கெடுத்துட்டான்"ன்னு சொல்லுவாரு. எனக்கு அந்த எடத்துலயே செத்துடலாம்னு இருக்கும். ஆனா சாவல, காபி குடிச்சிட்டு வந்தேன். எனக்கு ரெண்டு புள்ளைங்க பொறந்தாங்க. சாருன்னு என்னையும் நாலு பேரு கூப்புட ஆரம்பிச்சாங்க.

ரெண்டாயிரத்துக்கு அப்பால ஒரு வருசம், நான் குஜராத்ல ஒரு சைட்ல இருந்தப்போ மாமா போயிட்டாருன்னு போன் வந்துது. ஒடனே வர முடியல. பதினாறாம் நாள் காரியத்துக்குத்தான் போனேன். வாசல்ல பந்தல். அவனோட தம்பி மொட்டை அடிச்சிகினு பிண்டம் வெக்கற எடத்துல குந்தி இருந்தான். என் சிநேகிதன் தலை நெறைய முடியோட, ஓரமா நின்னுகினு சாப்பாட்டுக்கு எலை நறுக்கிகினு இருந்தான். பெரிய புள்ள அவன்தான். எனக்குப் புரியல.

பக்கத்துல நின்ன அவங்க சித்தப்பாவக் கேட்டேன். "சாவறதுக்கு முன்னாடி அண்ணன் சத்தியம் வாங்கிட்டாருபா. பெரியவன் கையால கொள்ளி வேணாம், சின்னவன்தான் வெக்கணும்னு. சுடுகாட்டுல அவன் அந்தாண்ட போயி நின்னுகினான், பாவம்"னாரு.

ஒம்பது வருசமா சொல்லணும் சொல்லணும்னு நெனச்சி, மாமா மொகத்துக்குப் பயந்துதான் தள்ளிப் போட்டுகினே வந்தேன். அந்த மொகம் போயிடுச்சு. அவன் கைய புடிச்சி கொல்லைப் பக்கம் இட்டுகினு போனேன். தண்ணித் தொட்டிகிட்ட நிக்க வெச்சு எல்லாத்தையும் சொன்னேன். ஸ்கேலு, எட்டு கோடு, அஞ்சரை, ரயில்ல பாத்தது, எல்லாம். "நீ இழுத்ததால ஒண்ணும் இல்லடா. இழுக்கலன்னாலும் கிழிஞ்சிருக்கும். நான்தான்டா"ன்னு சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்துடுச்சு. அவன் அடிப்பான்னு நெனச்சேன். அடிச்சா தேவலன்னு இருந்துது.

அவன் அடிக்கல. கையில இருந்த எலைக் காம்ப கிழிச்சிகினே கேட்டான்.

"ரயில்லயே தெரியுமா?"

"தெரியும்."

"விசாரணையில நீ எதுர்ல குந்தி இருந்த. உன் கணக்கு மேல பழி போட்டுடுவாங்களோன்னுதான்டா நான் இழுத்தத சொன்னேன்."

பந்தல்ல இருந்து யாரோ எலை கேட்டு அவன கூப்ட்டாங்க. தோ வரேன்னு கொரல் குடுத்துட்டு, என் பக்கம் திரும்பினான். கோவமா கூட சொல்லல, நாளைக்கு வர்றேன்னு சொன்னத மறந்துட்டவன கேக்கறாப்பல கேட்டான்.

"ஒரு பதினேழு நாள் முன்னாடி வந்து சொல்லி இருக்கக் கூடாதாடா? எங்க நைனாவுக்கு நானே கொள்ளி வெச்சிருப்பேனே."